ஹாரி ஃபோர்டை ஏன் கொடுத்தார்கள்?

கேள்வி: சியாட்டிலுக்கு அடுத்துள்ள பெல்வியூவில் இருக்கிறோம். எவரெட்டில் நடக்கும் அக்வாசாக்ஸ் (சியாட்டில் மரினர்ஸின் கீழ்நிலை பேஸ்பால் அணி) ஆட்டங்களுக்கு என் 11 வயது மகனைக் கூட்டிப்போவது வழக்கம். அங்கே ஆடிய கேட்சர் (விக்கெட் கீப்பர் போல) ஹாரி ஃபோர்டு என்றால் அவனுக்கு உயிர். 2025 டிசம்பரில் மரினர்ஸ் அவரை வாஷிங்டன் நேஷனல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஹோசே ஃபெரர் என்ற பிட்சரை (பந்து வீசுபவரை) வாங்கிக்கொண்டது. “நம்ம டீம் ஏமாந்துடுச்சாப்பா?” என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். ஒரு டிரேடு (அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் பேரம்) நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? இனி எந்த இளம் வீரர் ஜூலையில், டிரேடு கெடு நெருங்கும்போது, கைவிட்டுப் போகக்கூடும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க வழி உண்டா?

பதில்: ஏமாறவில்லை என்று உங்கள் மகனிடம் தைரியமாகச் சொல்லலாம். என் கணிப்பில் இது நியாயமான பேரம். ஆனால் அவன் வருத்தமும் நியாயமானதுதான். எவரெட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிய ஒருவர் நாட்டின் மறு கோடிக்குப் போய்விட்டால் 11 வயதில் வலிக்கத்தான் செய்யும்.

ஃபோர்டு 2021 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) 12-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். 2023-இல் எவரெட், அடுத்த ஆண்டு ஆர்கன்சா, 2025-இல் டகோமா என்று மரினர்ஸின் கீழ்நிலை (மைனர் லீக்) அணிகளில் ஆண்டுக்கு ஒரு படி ஏறி வந்தார். செப்டம்பரில் மரினர்ஸிலும் இடம் கிடைத்தது. ஏஞ்சல்ஸுக்கு எதிரான ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போனபோது, அவர் உயரே தூக்கி அடித்த பந்தில்தான் வெற்றி ரன் ஓடி வந்தது. இப்படி ஒருவரை யாராவது கொடுப்பார்களா?

கொடுப்பார்கள், அவருக்கு முன்னால் கால் ராலி நின்றால். 2025-இல் ராலி 60 ஹோம் ரன் (சிக்ஸர் போல வேலி தாண்டும் அடி) அடித்தார். ஒரு சீசனில் எந்த கேட்சரும் அதுவரை அவ்வளவு அடித்ததில்லை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் மரினர்ஸ் அவரோடு 10.5 கோடி டாலருக்கு 6 ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. 2030 வரை அந்த இடம் அவருடையது. கேட்சர் வேலை ஒருவருக்கே உரியது. வாரத்துக்கு ஒருமுறை ராலி ஓய்வெடுக்கும்போது மட்டும் ஆடினால், 22 வயது ஃபோர்டு தேய்ந்துபோவார். நாற்றங்காலில் எத்தனை நாள் நின்றாலும் நாற்று நெல்லாகாது. எங்காவது பறித்து நட்டே ஆக வேண்டும். 2025-இல் 96 ஆட்டங்களில் தோற்ற நேஷனல்ஸில் அவருக்கு நடவு செய்ய வயல் இருந்தது.

இனி பெற்றுக்கொண்ட பக்கம். ஃபெரரின் 2025 ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்; குறைந்தால் நல்லது) 4.48. அதைப் பார்த்ததும் பலருக்கு முகம் சுருங்கியது. ஒரு ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்) ஆண்டுக்கு அறுபது, எழுபது இன்னிங்ஸ்தான் வீசுவார்; அதில் இரண்டு மோசமான இரவுகள் வந்தாலே ஈ.ஆர்.ஏ. எகிறிவிடும். அதனால் ரிலீவரை எடைபோடும்போது நான் அந்த எண்ணைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஃபெரர் இடது கைக்காரர், மணிக்கு 97, 98 மைல் வேகத்தில் சிங்கர் (கடைசியில் கீழே இறங்கும் பந்து) வீசுகிறார், வாக் (தவறாக வீசி முதல் பேஸை இலவசமாகக்) கொடுப்பது அரிது, அவர் பந்தை அடிப்பவர்கள் பெரும்பாலும் தரையில்தான் உருட்டுகிறார்கள். உருளும் பந்தைப் பிடிக்க நல்ல இன்ஃபீல்டு (உள்வட்டத் தடுப்பாளர்கள்) வேண்டும். வாஷிங்டனில் அவருக்குப் பின்னால் அது இல்லை. அதோடு 2029 வரை அவர் சியாட்டிலின் பிடியில் இருப்பார்.

இந்த ‘பிடி’தான் கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பிடிபடாமல் நழுவும் இடம். ஐபிஎல்-இல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும்பாலானோர் ஏலத்துக்கு வருகிறார்கள். பேஸ்பாலில் அப்படி இல்லை. மேஜர் லீக்கில் 6 ஆண்டு சேவை முடியும் வரை வீரர் தன் விருப்பத்துக்கு அணி மாற முடியாது. 172 நாள் மேஜர் லீக் அணிப் பட்டியலில் இருந்தால் அது ஓர் ஆண்டு சேவை. முதல் 3 ஆண்டுகள் ஏறக்குறைய குறைந்தபட்சச் சம்பளம்தான். 2026-இல் அது 7,80,000 டாலர். பிறகு நடுவர் மன்றம் வழியாகச் சம்பளம் ஏறும். ஆக, ஒரு டிரேடில் கைமாறுவது வீரர்கள் மட்டுமல்ல, இந்த ஆண்டுகளும்தான். ஃபோர்டோடு வாஷிங்டனுக்குப் போனது ஏறக்குறைய முழு 6 ஆண்டு. ஃபெரரோடு வந்தது 4 ஆண்டு. ஃபோர்டோடு ஐசக் லயன் என்ற பிட்சரும் போனார். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று வாதாடலாம். கொள்ளை போனது என்று சொல்ல முடியாது.

கொள்ளை எப்படி இருக்கும் என்பதற்கு இதே ஊரில் ஒரு பழைய கதை இருக்கிறது. 1997 ஜூலை 31. கென் கிரிஃபி ஜூனியரும் ராண்டி ஜான்சனும் ஆடிய மரினர்ஸில் புல்பென் (ரிலீவர்களின் குழு) மட்டும் ஓட்டை. டகோமாவில் ஜேசன் வாரிடெக் என்ற கேட்சர் காத்துக்கொண்டிருந்தார். 1994 டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர். மேலே டான் வில்சன் உறுதியாக உட்கார்ந்திருந்ததால் அவருக்கு இடமில்லை. அன்று வாரிடெக்கையும் டெரெக் லோவ் என்ற இளம் பிட்சரையும் பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து, ஹீத்கிளிஃப் ஸ்லோகம் என்ற ரிலீவரை வாங்கினார்கள். வழியடைந்து நின்ற கேட்சர், பதிலுக்கு ஒரு ரிலீவர்: ஃபோர்டு பேரத்தின் அதே அச்சு. அந்த டான் வில்சன்தான் 2024 ஆகஸ்டிலிருந்து மரினர்ஸின் மேனேஜர்.

வாரிடெக் பாஸ்டனின் கேப்டனானார். லோவ் 2002-இல் 21 ஆட்டங்கள் வென்றார். 2004-இல் ரெட் சாக்ஸ் 86 ஆண்டுக்குப் பிறகு கோப்பையைத் தொட்டபோது, மூன்று சுற்றுகளையும் முடித்துவைத்த வெற்றிகள் அவர் பெயரில்தான் பதிவாயின. இதைச் சொல்லித்தான் எல்லோரும் அந்த டிரேடைத் திட்டுகிறார்கள். நானும் திட்டுவேன், ஆனால் வேறு காரணத்துக்காக. லோவ் இப்படி வருவார் என்று 1997-இல் யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. அந்த ஆண்டு மரினர்ஸுக்காக அவர் வீசியதன் ஈ.ஆர்.ஏ. 6.96. தெரிந்திருக்க வேண்டியது வேறு. ஸ்லோகமுக்கு 31 வயது, பாஸ்டனில் அந்த சீசன் ஈ.ஆர்.ஏ. 5.79, கட்டுப்பாட்டுக்குப் பெயர்போனவரும் அல்ல. அப்படிப்பட்டவருக்கு, முழுப் பிடி ஆண்டுகளும் மிச்சமிருந்த இரண்டு பேரைக் கொடுத்தார்கள். அவசரத்தில் இருப்பவன் சொன்ன விலைக்கு வாங்குவான். அன்று நடந்தது அதுதான். அதே நாளில் இன்னும் இரண்டு ரிலீவர்களுக்காக ஹோசே குரூஸ் ஜூனியரையும் டொராண்டோவுக்கு அனுப்பினார்கள். அணி அந்த ஆண்டு பிரிவை வென்று, முதல் சுற்றிலேயே பால்டிமோரிடம் தோற்றது. 1998-இல் ஆட்டத்தை முடித்துவைக்கும் பொறுப்பு ஸ்லோகமிடமிருந்து மைக் டிம்லினுக்குப் போனது. டிம்லின் வேறு யாருமல்ல, குரூஸுக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதில் அடங்கியிருக்கிறது. போன வீரர் பின்னால் என்ன ஆனார் என்பதை வைத்து டிரேடை அளக்காதீர்கள். கையெழுத்தான அன்று இரு தரப்பின் கையிலும் என்ன இருந்தது, யாருக்கு எது தேவைப்பட்டது, எத்தனை பிடி ஆண்டுகள் எந்தப் பக்கம் போயின என்று பாருங்கள்.

இந்த அளவுகோல் மறுபக்கமும் வேலை செய்யும். 1998 ஜூலை 31-இல் ராண்டி ஜான்சனை ஹூஸ்டனுக்குக் கொடுத்தபோது சியாட்டில் கொதித்தது. அவர் ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது 2 மாதம். பதிலுக்கு வந்தவர்கள் ஃபிரெடி கார்சியா, கார்லோஸ் கியென், ஜான் ஹலாமா. ஜான்சன் ஹூஸ்டனில் 10 வென்று 1 தோற்று, 1.28 ஈ.ஆர்.ஏ.வில் பிரமாதமாக வீசினார். ஆனாலும் அணி முதல் சுற்றோடு வெளியேறியது. மரினர்ஸ் 116 ஆட்டங்கள் வென்ற 2001-இல் அந்த மூவரும் அணியில் இருந்தார்கள். 2022-இல் லூயிஸ் கஸ்டியோவுக்காக, தங்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த நோயல்வி மார்ட்டே உட்பட 4 இளைஞர்களை சின்சினாட்டிக்குக் கொடுத்தார்கள். 21 ஆண்டுக்குப் பிறகு பிளேஆஃப் போன அணிக்காக, கஸ்டியோ டொராண்டோவில் ஏழு இன்னிங்ஸுக்கு மேல் ரன்னே கொடுக்காமல் வீசியதைப் பார்த்த யாரும் அந்த விலைக்கு வருந்த மாட்டார்கள்.

இளம் வீரர்களின் பட்டியல் இடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஜாரெட் கெலெனிக் போதும். 2018 டிசம்பரில் எட்வின் டியாஸையும் ராபின்சன் கனோவையும் நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்து வாங்கிய பொக்கிஷம். நாடு முழுதும் அவர் பெயர் பேசப்பட்டது. 2021-இல் மேஜர் லீக்குக்கு வந்து வெறும் .181 சராசரியில் அடித்தார், 2023 டிசம்பரில் அட்லாண்டாவுக்குப் போய்விட்டார். அவரிடம் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். டகோமாவுக்கும் சியாட்டிலுக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்தான், ஆனால் அங்கே வரும் பிட்சிங் வேறு உலகம்.

அப்படியானால் மைனர் லீக் எண்களை எப்படிப் படிப்பது? நான் முதலில் பார்ப்பது வயது. டபுள்-ஏ லீக்கில் (மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே) 20 வயதுப் பையன் தடுமாறினால் கவலைப்பட மாட்டேன். 25 வயதுக்காரர் அங்கே வெளுத்து வாங்கினால் மயங்கவும் மாட்டேன். ஜான் ஸ்மோல்ட்ஸ் 20 வயதில் டபுள்-ஏ-வில் 4 வென்று 10 தோற்று, 5.68 ஈ.ஆர்.ஏ.வோடு இருந்தார். 1987-இல் டெட்ராய்ட் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. இன்று அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அடுத்தது, அடிப்பவர் எத்தனை முறை ஸ்டிரைக் அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் அவுட்) ஆகிறார், எத்தனை வாக் வாங்குகிறார் என்பது. 1990-இல் பாஸ்டன் ஒரு ரிலீவருக்காக ஹூஸ்டனுக்குக் கொடுத்த ஜெஃப் பாக்வெல், அந்த ஆண்டு டபுள்-ஏ-வில் அடித்தது வெறும் 4 ஹோம் ரன். ஆனால் சராசரி .333, ஸ்டிரைக் அவுட்டைவிட வாக் அதிகம், ஆடிய மைதானமோ ஹோம் ரன்னுக்குக் கஷ்டமானது. மேஜர் லீக்கில் 449 ஹோம் ரன் அடித்து முடித்தார். மைதானத்தைக் கணக்கில் எடுக்காமல் டகோமாவின் எண்களைத் தொடவே தொடாதீர்கள்: அந்த லீக்கில் அல்புகெர்கி, ரீனோ, சால்ட் லேக் சிட்டி எல்லாம் உயரமான ஊர்கள், காற்று மெலிதாக இருப்பதால் பந்து பறக்கும். பிட்சர்களைப் பொறுத்தவரை முழங்கை அறுவை எந்த நேரமும் வரலாம் என்பதால், சமமான திறமை என்றால் நான் அடிப்பவரைத்தான் வைத்துக்கொள்வேன்.

எண்கள் தவிர கண்ணுக்கும் வேலை கொடுங்கள். அடுத்த முறை எவரெட் போகும்போது மகன் கையில் ஒரு ஸ்டாப்வாட்ச் கொடுங்கள், கைபேசியிலேயே இருக்கும். ரன்னர் இரண்டாம் பேஸைத் திருட ஓடும்போது, பந்து கேட்சரின் கையுறையில் பட்ட நொடியிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறைக்குப் போகும் வரை அளக்கட்டும். மேஜர் லீக் சராசரி ஏறக்குறைய 2.0 விநாடி. 1.9 வந்தால் அந்த கேட்சரின் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். வலது கையால் அடிப்பவர் முதல் பேஸை எட்ட 4.3 விநாடி எடுத்தால் அது நடுத்தர வேகம். வீரர்களைத் தேடும் ஸ்கவுட்டுகள் செய்வதும் இதைத்தான்.

கடைசியாக, யார் போகக்கூடும் என்ற கேள்வி. பெயர் சொல்லி ஜோசியம் பார்க்க விரும்பவில்லை, அடையாளங்களைச் சொல்கிறேன். மேலே நீண்ட ஒப்பந்தத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஆடுபவர் முதல் ஆபத்தில் இருக்கிறார். 2025 ஜூலையில் ஜாஷ் நேய்லர் முதல் பேஸுக்கு வந்தார். சில நாளிலேயே, அதே இடத்தில் ஆடிய டைலர் லாக்லியர், யூஹேனியோ சுவாரெஸுக்கான பேரத்தில் அரிசோனாவுக்குப் போனார். அந்த அக்டோபரில் சுவாரெஸ் டொராண்டோவுக்கு எதிராக அடித்த கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது அடிக்கும் ஹோம் ரன்) உங்கள் வீட்டிலும் சத்தம் கிளப்பியிருக்கும். அடுத்த அடையாளம், ரூல் 5 கெடு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை 5 சீசனுக்குள்ளும், மற்றவர்களை 4 சீசனுக்குள்ளும் மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பரில் வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். நவம்பரில் இடம் கொடுக்க முடியாது என்று தெரிந்தவரை ஜூலையிலேயே பேரத்தில் சேர்த்துவிடுவார்கள். எவரெட் போன்ற கீழ்ப்படிகளில் வேகமாக வீசும் பிட்சர்களும் இதில் அடிக்கடி போவார்கள். நேய்லருக்காகப் போன ஆஷ்டன் இஸ்ஸி அந்த ஆண்டு எவரெட்டில் வீசிக்கொண்டிருந்தவர்தான்.

பாதுகாப்பானவர்கள் என்றால், அந்தந்த ஆண்டு ஜூலை டிராஃப்டில் எடுக்கப்பட்டவர்கள். உலகத் தொடர் முடியும் வரை அவர்களை டிரேடு செய்ய விதி இடம் கொடுக்காது. அவர்களில் கல்லூரி முடித்து வருகிற சிலர் ஆகஸ்டிலேயே எவரெட்டில் ஆட வாய்ப்புண்டு. உங்கள் மகன் அந்தக் கோடையில் யாரையாவது புதிதாகப் பிடித்துக்கொள்வதானால், அங்கிருந்து தொடங்கட்டும்.