விமானம் கிடைத்தது, ஆட்கள் எங்கே?

(இந்த வாரக் கேள்விகள் எல்லாமே இரண்டாம் உலகப்போரில் காணாமல்போன குண்டுவீச்சு விமானங்களைப் பற்றியவை.)

கேள்வி: பாலைவனத்தில் ஒரு குண்டுவீச்சு விமானம் பதினைந்து வருடம் கழித்து அப்படியே கிடைத்ததாம், உள்ளே ஒரு ஆள்கூட இல்லையாம். வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான். ஆனால் வாட்ஸ்அப் சொல்லும் அளவுக்கு மர்மமெல்லாம் இல்லை. அது 'லேடி பி குட்' என்று பெயர் வைத்த அமெரிக்க பி-24 லிபரேட்டர். 1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவில் பெங்காசிக்குத் தெற்கே சொலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேப்பிள்ஸ் மீது குண்டு போடக் கிளம்பியது. ஒன்பது பேர். ஒரே குழுவாக அவர்கள் போன முதல் போர்ப் பயணம் அதுதான். திரும்பும்போது நள்ளிரவு, தனியாக வருகிறார்கள், ரேடியோவில் தளத்திடம் திசை கேட்கிறார்கள். அந்தக் காலத்துக் கருவி நீங்கள் எந்தக் கோட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லுமே தவிர, அந்தக் கோட்டில் தளத்துக்கு முன்னால் இருக்கிறீர்களா, தாண்டிவிட்டீர்களா என்று சொல்லாது. இன்னும் கடல்மேல்தான் இருக்கிறோம் என்று எல்லோரும் நினைக்க, விமானம் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எரிபொருள் தீரும் நேரத்தில், விடியற்காலை இரண்டு மணிவாக்கில், பாராசூட்டில் குதித்துவிட்டார்கள்.

ஆளில்லாத விமானம் மேலும் 26 கிலோமீட்டர் போய் வயிற்றால் சறுக்கித் தானாகவே தரையிறங்கிக் கிடந்தது. 1958-ல் எண்ணெய் தேடிப் போனவர்கள் மேலேயிருந்து பார்த்தார்கள், அடுத்த வருடம் தரைவழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே குடிநீர் இருந்தது. ரேடியோ வேலை செய்தது. இயந்திரத் துப்பாக்கி சுட்டது.

ஆட்கள்? எட்டுப் பேர் இருட்டில் ஒருவரையொருவர் தேடி ஒன்றுசேர்ந்தார்கள். ஒன்பதாவது ஆளின் பாராசூட் சரியாக விரியவில்லை, அது அவர்களுக்குத் தெரியாது. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குடுவைத் தண்ணீர். கழற்றிப் போட்ட காலணிகளை அம்புக்குறிபோல் அடுக்கிவைத்து, பாராசூட் துணிமேல் கல்லை வைத்து, தேடி வருபவர்களுக்கு அடையாளம் விட்டுக்கொண்டே வடக்கு நோக்கி நடந்தார்கள். துணை விமானி சட்டைப்பையில் வைத்திருந்த டைரியில் ஏப்ரல் 12 வரை தினமும் ஓரிரு வரி எழுதியிருக்கிறார், கடைசிக் குறிப்பில்கூட ராத்திரிக் குளிரைப் பற்றிய புகார். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தபின் ஐந்து பேர் உட்கார்ந்துவிட, மூன்று பேர் உதவி தேடி மேலே போனார்கள். அந்த ஐவரின் உடல்கள் 1960 பிப்ரவரியில் ஒரே இடத்தில் கிடைத்தன, அதே வருடம் இன்னும் மூவர், பாராசூட் விரியாதவரையும் சேர்த்து. ஒருவர் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த 26 கிலோமீட்டர்தான். தண்ணீரும் ரேடியோவும் இருந்தது தெற்கே, இவர்கள் நடந்தது வடக்கே. விமானம் நொறுங்கிப்போயிருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

கேள்வி: இப்படிக் காணாமல்போனவர்கள் மொத்தம் எத்தனை பேர் இருப்பார்கள்?

பதில்: எல்லா நாட்டுக்கும் சேர்த்துக் கணக்கு சொல்ல முடியாது, பிரிட்டனை மட்டும் பார்ப்போம். அதன் குண்டுவீச்சுப் பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர், செத்தவர்கள் 55,573 பேர். கிட்டத்தட்ட பாதி. லண்டனுக்கு வெளியே ரன்னிமீடில் 1953-ல் திறந்த நினைவகத்தில், கல்லறை எங்கே என்றே தெரியாத விமானப்படையினர் 20,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

தேடாமல் விட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். போர் முடிந்ததும் இதற்கென்றே ஒரு விமானப்படைப் பிரிவு ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போனது. பாதிரியாரிடம் அடக்கப் பதிவேட்டைக் கேட்பது, விவசாயியிடம் எந்த வயலில் விழுந்தது என்று கேட்பது, பெயரில்லாத குழியைத் தோண்டி சட்டைக் காலரில் இருக்கும் சலவைக் குறியைப் பார்ப்பது. இதுதான் வேலை. நம் ஊர் வண்ணான்குறி மாதிரிதான், அதை வைத்து ஒரு ஆளின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். காணாமல்போனதாக எழுதிவைத்த சுமார் 42,000 பேரில் 1950-க்குள் ஏறத்தாழ 24,000 பேருக்குக் கல்லறை எது என்று தெரிந்துவிட்டது.

கேள்வி: எண்பது வருடம் தண்ணீரில் கிடந்த இரும்பை வைத்து எந்த விமானம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: எண்களை வைத்துத்தான். அமெரிக்கர்கள் 1943 முதல் காணாமல்போன ஒவ்வொரு விமானத்துக்கும் ஓர் அறிக்கை எழுதினார்கள், அதில் என்ஜின் எண், துப்பாக்கி எண் எல்லாம் இருக்கும். சேற்றிலிருந்து ஒரு துப்பாக்கி கிடைத்தால் போதும், பெயர்ப்பட்டியல் வரை போய்விடலாம்.

ஆனால் எண் எப்போதும் கிடைக்காது. நெதர்லாந்தின் மார்க்கர்மீர் ஏரியில் 2008-ல் ஒரு படகின் நங்கூரத்தில் விமானச் சக்கரத்தின் பாகம் சிக்கியது. 1943 மார்ச்சில் பெர்லினுக்குப் போய்த் திரும்பாத பிரிட்டனின் ஸ்டெர்லிங் குண்டுவீச்சு விமானம். முதலில் பிகே710 என்ற எண்ணுள்ள விமானம் என்றார்கள். அப்புறம் ஒரு சிகரெட் டப்பா மேலே வந்தது, மூடியில் ஒருவர் பெயரின் முதலெழுத்துகள். அவர் பிகே710-ல் போனவரே இல்லை, பிகே716-ல் போனவர். அத்தோடு முடிவு மாறியது. 2020-ல் விமானத்தை முழுதாக வெளியே எடுத்தார்கள், உள்ளே எலும்புகளும் இருந்தன.

கேள்வி: நம் இமயமலைப் பக்கமும் நிறைய விழுந்ததாமே?

பதில்: ஆமாம். அஸ்ஸாமிலிருந்து சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன 'ஹம்ப்' வழியில் சுமார் 600 விமானங்கள் விழுந்து தொலைந்தன. பெரும்பாலும் எதிரி சுட்டதல்ல, மேகமும் பனியும்தான். 1944 ஜனவரியில் எட்டுப் பேரோடு மறைந்த 'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற பி-24, 2006-ல்தான் அருணாசலப் பிரதேச மலையில் அகப்பட்டது. எலும்புகளை எடுக்க இன்னும் பத்து வருடம் ஆயிற்று, ஏனென்றால் அந்த மலை சீன எல்லையை ஒட்டியது, அனுமதி வாங்குவதே பெரும்பாடு.

கேள்வி: செத்தவர்கள் நிம்மதியாகக் கிடக்கட்டுமே, எதற்குத் தோண்ட வேண்டும்?

பதில்: பிரிட்டன் ஏறக்குறைய உங்கள் கட்சி. அங்கே 1986-ல் வந்த சட்டப்படி உரிமம் இல்லாமல் போர் விமானச் சிதைவில் கை வைக்க முடியாது. நெதர்லாந்து அரசு நேர்மாறு, எலும்பு இருக்க வாய்ப்புள்ள இடங்களைத் தானே பணம் போட்டுத் தோண்டுகிறது. நான் நெதர்லாந்து பக்கம்தான், அதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். 1944 மே மாதம் பெல்ஜியத்தில் சதுப்பு நிலத்தில் விழுந்த கனடியர்களின் ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் எட்டுப் பேர். ஐந்து பேரை ஜெர்மானியர்களே எடுத்துப் புதைத்துவிட்டார்கள், மூன்று பேர் சேற்றுக்குள் விமானத்தோடேயே இருந்தார்கள். 1997-ல் தோண்டி எடுத்து, கூட வந்த ஐவருக்குப் பக்கத்திலேயே அந்த மூவரையும் புதைத்தார்கள். மிஞ்சிய அலுமினியத்தை உருக்கிக் கட்டியாக்கிக் கனடாவில் வைத்திருந்தார்கள். லண்டன் கிரீன் பார்க்கில் 2012-ல் திறந்த குண்டுவீச்சுப் பிரிவு நினைவகத்தின் கூரை அந்த அலுமினியம்தான்.