அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள்

கேள்வி: நான் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். 2022 தேர்தலில் கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்தேன். என் வார்டில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நிற்கிறது. ஆனால் முழுத் தொகைக்கும் பில் பாஸ் ஆகியிருக்கிறது. போன மாதக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். எதிரே இருந்த உறுப்பினர் ஒருவர், "இதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, வீட்டுக்காரரை அனுப்பு, நீ போய் சமையலைப் பாரு" என்றார். நான் விடாமல் கேட்டதும், எனக்கு சீட் எப்படிக் கிடைத்தது என்று எங்கள் மாவட்ட நிர்வாகி ஒருவரின் பெயரோடு சேர்த்து இரட்டை அர்த்தத்தில் பேசினார். எழுதவே கூசுகிறது. சிலர் சிரித்தார்கள். அன்று இரவே ஊர் வாட்ஸ்அப் குழுவில் என் முகத்தை வெட்டி ஒட்டிய ஆபாசப் படம் ஒன்று சுற்றியது. ஸ்டேஷனில், "மன்றத்துக்குள்ள பேசினதுக்கு கேஸ் போட முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கட்சியில் "பெருசு பண்ணாதே" என்கிறார்கள். என் கணவர் ராஜினாமா செய்யச் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம், மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். மன்றக் கூடத்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த உறுப்பினர் என்ன சொன்னார் என்ற இடத்தில் மட்டும் மூன்று புள்ளி வைத்துவிட்டீர்கள். கூச்சம் புரிகிறது. ஆனால் உங்கள் வழக்கே அந்த மூன்று புள்ளியில்தான் இருக்கிறது.

முதலில் ஸ்டேஷனில் சொன்னது. அது தவறு. அவையில் பேசியதற்கு வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அரசமைப்புச் சட்டத்தின் 105-வது பிரிவிலும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு 194-வது பிரிவிலும் இருக்கிறது. பேரூராட்சி மன்றத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. அந்தக் கூடத்தில் பேசுவதும் கடைத்தெருவில் பேசுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். இன்னும் சொன்னால், இருபது பேர் முன்னால், அரசு அலுவலகத்துக்குள், பதிவேடு எழுதப்படும் கூட்டத்தில் பேசியது உங்களுக்குச் சாட்சியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். "வீட்டுக்காரரை அனுப்பு, சமையலைப் பாரு" என்பது ஆணவப் பேச்சு. ஆனால் அது மட்டும் குற்றமாகாது. அதை வைத்துப் புகார் எழுதினால் எஃப்.ஐ.ஆர். வராது, வந்தாலும் உயர் நீதிமன்றத்தில் நிற்காது. குற்றம் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது. ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு சொல்லும் சொல், எழுப்பும் ஒலி, காட்டும் சைகை எல்லாம் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 79-வது பிரிவில் வரும். பழைய தண்டனைச் சட்டத்தின் 509 என்றால் ஸ்டேஷனில் சட்டென்று புரியும். பாலியல் சாயல் உள்ள பேச்சுக்கு 75-வது பிரிவு தனியாக இருக்கிறது. இவற்றோடு நம் மாநிலத்துக்கென்றே 1998-ல் வந்த பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4-வது பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். கல்லூரி மாணவியைக் கேலி செய்பவர்களுக்காக வந்த சட்டம் என்று போலீஸ்காரர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேருந்து நிறுத்தம், கோயில், தியேட்டர் என்று இடங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "வேறு எந்த இடமும்" என்றும் அதில் இருக்கிறது. மன்றக் கூடமும் அதில் அடக்கம். 2025-ல் தண்டனையையும் கடுமையாக்கிவிட்டார்கள்.

சரி, புகாரை எப்படி எழுதுவது? இருபது வருட வக்கீல் தொழிலில் நான் பார்த்த பெண்களின் புகார்களில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான் இருக்கும்: "என்னைத் தகாத வார்த்தைகளால் அசிங்கமாகத் திட்டினார்." ஸ்டேஷன் ரைட்டருக்கு அது மனப்பாடம், கை தானாக எழுதிவிடும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அதுதான் வேண்டும். வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போவார். நீதிபதி புகாரைப் படித்துவிட்டு, "என்ன வார்த்தை என்றே இல்லையே, அது மானத்தை அவமதித்ததா இல்லையா என்று நான் எப்படி முடிவு செய்வது?" என்று கேட்பார். ஆபாசப் பேச்சு வழக்குகள் இப்படி விழுந்ததை எண்ணி மாளாது.

ஆகவே அந்த வார்த்தையை அப்படியே எழுதுங்கள். அவர் பேசிய தமிழிலேயே, கொச்சையாகவே, மேற்கோள் குறி போட்டு எழுதுங்கள். எந்த நிர்வாகியின் பெயரைச் சொன்னாரோ அதையும். கையால் ஏதாவது சைகை காட்டியிருந்தால் எந்தக் கை என்பதையும். இரட்டை அர்த்தம் என்றால் கேட்டவர்களுக்கு அது எப்படிப் புரிந்தது என்று ஒரு வரி. யார் யார் சிரித்தார்கள் என்றும் எழுதுங்கள். அர்த்தம் புரிந்ததால்தானே சிரித்தார்கள்? நீங்களே உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிவிடுங்கள். கணவரையோ தம்பியையோ எழுதச் சொல்லாதீர்கள். அவர்கள் நாகரிகம் பார்த்துக் குறைத்து எழுதுவார்கள், அல்லது கோபத்தில் கூட்டி எழுதுவார்கள். இரண்டுமே குறுக்கு விசாரணையில் மாட்டும்.

புகாரோடு, இன்றைக்கே செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இன்ன தேதிக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், கூடத்தில் கேமரா இருந்தால் அதன் பதிவு இவற்றைப் பாதுகாத்து வைக்கக் கேட்டு, நகலில் முத்திரையோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், ஆர்.டி.ஐ. போட்டு முப்பது நாள் காத்திருக்க நேரமில்லை. சாட்சி என்றதும் மற்ற உறுப்பினர்களையே நினைக்காதீர்கள், அவர்களுக்குக் கட்சி இருக்கிறது. டீ கொண்டுவந்த அம்மா, மைக் வைத்தவர், சுகாதார மேற்பார்வையாளர் என்று யார் அந்த நேரம் உள்ளே இருந்தார்கள் என்று யோசியுங்கள்.

அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இந்தப் பிரிவுகளில் உங்கள் வாக்குமூலத்தைப் பெண் காவலர்தான் பதிய வேண்டும். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்தது என்ற ஒப்புகை மட்டும், கொடுத்து அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு திருப்தி அடையாதீர்கள். 79-வது பிரிவு மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை உள்ள, போலீஸ் நேரடியாகப் பதிய வேண்டிய குற்றம். முதற்கட்ட விசாரணை செய்கிறோம் என்றால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173(3)-ன்படி டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முடிக்க வேண்டும். அதையும் தாண்டினால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு. நடுவில் ஒரு நாள் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, "அவர் மன்னிப்புக் கேட்டுட்டார், மேல் நடவடிக்கை வேண்டாம்னு எழுதிக் கொடுங்க" என்பார்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பிறகு நான் வந்தும் பயனில்லை.

படம் விஷயம் தனி. அதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-வது பிரிவோடு சேர்த்து சைபர் கிரைமில் கொடுக்க வேண்டும். வெறும் ஸ்க்ரீன்ஷாட் போதாது. அனுப்பியவரின் எண், நேரம், குழுவின் பெயர் தெரியும்படி எடுங்கள், அந்த உரையாடலை அப்படியே ஏற்றுமதி செய்து வையுங்கள், படம் வந்த போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவில் சான்றிதழ் தேவை. அது இல்லாமல் விழுந்த நல்ல வழக்குகள் உண்டு. குழுவின் அட்மினையும் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அட்மின் என்பதற்காக மட்டும் ஒருவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று மதுரைக் கிளை 2021-ல் சொல்லிவிட்டது. சுவாரசியம் என்னவென்றால் அது கரூரில் எங்கள் ஆட்களான வக்கீல்களின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிய வழக்கு. அட்மினும் படத்தைப் பகிர்ந்திருந்தால் மட்டும் சேருங்கள்.

பகிர்ந்தவர்கள் "நான் பார்க்காமல் ஃபார்வர்ட் பண்ணிட்டேன்" என்பார்கள். அது செல்லாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-ல் முகநூலில் பகிர்ந்த முன்னாள் எம்.எல்.ஏ. எஸ்.வி.சேகர் இதையேதான் சொன்னார். படிக்காமல் பகிர்ந்தேன், நீக்கிவிட்டேன், மன்னிப்பும் கேட்டுவிட்டேன் என்றார். பகிர்ந்த செய்தி வில்லை விட்டுப் போன அம்பு என்று சொல்லி வழக்கை ரத்து செய்ய 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024-ல் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது, 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

உங்கள் கடிதத்தில் சாதி பற்றி எதுவும் இல்லை, ஆனாலும் கேட்டாக வேண்டும். நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்து, அவர் அப்படி இல்லையென்றால் வழக்கின் எடையே மாறிவிடும். எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பாலியல் தன்மையுள்ள சொல்லுக்குத் தனிப் பிரிவு உண்டு. ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதியைத் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதற்கென்றே 3(1)(m) இருக்கிறது. முன்ஜாமீனுக்கும் தடை. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சமூகத்து ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளியானபோது, இந்தச் சட்டத்தில்தான் வழக்குப் பதிவானது.

அவதூறு வழக்கு போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராக. நான் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். அந்த வழக்கில் கூண்டில் நிற்கப் போவது உங்கள் நடத்தை. அந்த நிர்வாகியை எத்தனை முறை பார்த்தீர்கள், எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று வருடக்கணக்கில் இழுப்பார்கள். 79-வது பிரிவில் கேள்வி அவர் என்ன பேசினார் என்பது மட்டும்தான். நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு போடும் எண்ணம் இருந்தால் ஒரு வருடக் காலக்கெடுவை மட்டும் மறக்க வேண்டாம்.

கட்சியில் விசாகா கமிட்டி, அதாவது பாலியல் புகாரை விசாரிக்கும் உள்குழு, கேட்கலாம் என்று யாரோ சொன்னார்களாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி கட்சிக்குள் அப்படிக் கமிட்டி வைக்கும் கட்டாயம் இல்லை, உறுப்பினருக்கும் கட்சிக்கும் முதலாளி-தொழிலாளி உறவு இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொன்னது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் 2025-ல் மறுத்துவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. போஸ்டர் ஒட்டுவது முதல் பூத் ஏஜென்ட் வரை பெண்கள் வேலை செய்யும் இடம் வேலையிடம் இல்லையென்றால் வேறு எது? ஆனால் இன்றைய சட்டம் அதுதான். கட்சித் தலைமைக்கு எழுத்தில் ஒரு புகார் அனுப்பி வையுங்கள், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் அமைச்சராக இருந்த பொன்முடி பெண்களைப் பற்றி மேடையில் பேசியது வெளியே வந்தபோது, அவரது கட்சிப் பதவி உடனே போனது. வீடியோ ஊரெல்லாம் ஓடியது என்பதும் ஒரு காரணம். அப்போதும் வழக்கு ஏன் பதியவில்லை என்று கேட்டது உயர் நீதிமன்றம்தான்.

உங்கள் கணவருக்கு இரண்டு வார்த்தை. ராஜினாமா கடிதம் வேண்டாம், தேதி போடாத கடிதம் கட்சியில் யாரிடமாவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் அதைத் திரும்பக் கேட்டு எழுத்தில் அறிவிப்பு அனுப்புங்கள். அந்த உறுப்பினரின் சட்டையைப் பிடிக்கவும் வேண்டாம். பிடித்த மறுநாள் ஒரு கவுண்டர் கேஸ் வரும், இரண்டையும் சேர்த்து வாபஸ் வாங்கச் சொல்வார்கள், உங்கள் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம், கணவர் உங்களுக்குப் பதிலாக அலுவலகத்துக்குப் போய் ஃபைல் பார்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். "வீட்டுக்காரரை அனுப்பு" என்பதற்கு அதைத்தான் காரணமாகக் காட்டுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் போங்கள். தொடர்ந்து போகாமல் இருப்பது பதவிக்கே ஆபத்து. உங்களை நீக்கப் பார்க்கிறார்கள் என்ற பயம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவரை அற்பக் காரணத்துக்கு நீக்குவதை உச்ச நீதிமன்றம் 2024-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் கடுமையாகக் கண்டித்தது. அதே வருடம் சத்தீஸ்கரில் ஒரு பெண் சர்பஞ்சை (ஊராட்சித் தலைவியை) அலைக்கழித்ததற்காக அரசு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

இத்தனை களேபரத்தில் உங்கள் கேள்வி அப்படியே கிடக்கிறது. பாதி வேலைக்கு முழு பில் எப்படிப் பாஸ் ஆனது? அந்த வேலையின் மதிப்பீடு, முடிந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் நகல், பணம் வழங்கிய ஆணை மூன்றையும் ஆர்.டி.ஐ.யில் கேட்டு மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்.