அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், இனப் பாகுபாட்டுக் காலத்தில் கருப்பினத்தவருக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகங்களில் எது நல்லது?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், அநேகமாக ஓர் அட்மிஷன் வந்திருக்கும். வீட்டில் யாரோ முகம் சுளித்திருப்பார்கள். எனக்கும் நடந்தது.

நான் அப்படி ஒன்றான, கிரீன்ஸ்போரோ நகரின் நார்த் கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்தவன். பழைய மாணவன் பெருமையடிக்கிறான் என்று தோன்றினால் தோன்றட்டும்.

அந்த மாநிலத்தில் இவ்வகை அரசுப் பல்கலைக்கழகங்களே ஐந்து, தனியார் தனி. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பொறியியலுக்கு 1891-இல் தொடங்கிய ஏ அண்ட் டி. மாணவர் எண்ணிக்கையில் இவ்வகையில் நாட்டிலேயே பெரியது. சட்டத்துக்கு டர்ஹாமின் நார்த் கரோலினா சென்ட்ரல். ராலேயின் ஷா 1865-லேயே வந்தது, ஆனால் சிறியது. பென்னட் பெண்கள் கல்லூரி. எலிசபெத் சிட்டியிலும் ஃபயட்வில்லிலும் அந்த மாநில மாணவருக்குக் கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 500 டாலர்தான் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அது இளங்கலைக்கு மட்டும்.

என் கன்சல்டன்சிக்காரர் பட்டியலில் ஏ அண்ட் டி-யைப் பார்த்ததுமே சிவப்புப் பேனாவால் அடித்தார். "அது அவங்க காலேஜ் தம்பி." எந்த இனத்தவரும் சேரலாம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. கல்யாணத் தரகர் அதற்கும் மேல்: பயோடேட்டாவில் பெயரை எடுத்துவிட்டு 'யு.எஸ். யுனிவர்சிட்டி' என்று போட்டார்.

பட்டமளிப்புக்கு அம்மா வந்திருந்தார். வளாகத்தில் நான்கு பேர் தோளோடு தோள் நடந்து வருவதுபோல ஒரு சிலை. யார் என்று கேட்டார். 1960 பிப்ரவரி 1 அன்று வெள்ளையருக்கு மட்டும் பரிமாறும் உல்வொர்த் கடை கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்ட, இதே கல்லூரியின் கருப்பின முதலாண்டு மாணவர்கள், கொடுக்காததால் கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை, மறுநாளும் போனார்கள் என்றேன். ஜூலையில்தான் அந்தக் கடை வழிக்கு வந்தது. அம்மா சிலையின் காலைத் தொட்டுப் பார்த்தார். "எங்க ஊர் டீக்கடையில உங்க தாத்தாவுக்குத் தனி கிளாஸ்டா" என்றார். அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை.

எல்லாத் தமிழரும் அந்தக் கன்சல்டன்சிக்காரர், தரகர் மாதிரி நினைப்பதாக நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். ஆராய்ச்சிப் பணத்துக்கு, இவ்வகையில் சேராத ராலேயின் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகம் பெரிய இடம்தான், மறுக்கவில்லை.

அப்புறம், கேட்காவிட்டாலும் ஒன்று: கிரீன்ஸ்போரோவில் கார் இல்லாமல் கஷ்டம். நம்ம ஊர் அண்ணன் ஒருவர் 'பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன்' என்று விற்ற வண்டிக்கு மூன்றாவது வாரமே கியர் விழவில்லை. இன்னும் போன் எடுக்கவில்லை அவர்.