கணினிக் கேள்வி பதில்: கேபிள் இருக்கிறது, இணையம் இல்லை

(கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் அச்சிட்டுள்ளோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யவும்.)

கேள்வி: என்னிடம் 2011இல் வெளிவந்த திங்க்பேட் டி420 மடிக்கணினி இருக்கிறது. அதில் லினக்ஸ் மிண்ட் இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறேன். அண்மையில் ஒரு மாலை இடி மின்னலுடன் மழை பெய்தது. அதன்பின் கேபிள்வழி இணைப்பு வருவதே இல்லை. வைஃபை மட்டும் இயங்குகிறது. பழுதுபார்க்கும் கடையில், "லினக்ஸ் இதற்கு ஒத்துவராது, விண்டோஸ் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். போட்டால் சரியாகுமா? (வாசகர், செந்தூல்)

பதில்: ஆகாது. மழைக்கு முன்புவரை ஒழுங்காக ஓடிய லினக்ஸ், மழை விட்டதும் ஒத்துவராமல் போக நியாயமில்லை. கடைக்காரர் சொன்னதைச் சோதிக்க விரும்பினால், மிண்ட் உள்ள பென்டிரைவிலிருந்து மடிக்கணினியை இயக்கிப் பாருங்கள். அதிலும் கேபிள் இணைப்பு வரவில்லையென்றால் மென்பொருளின் மீது பழி போட வேண்டியதில்லை.

எப்போதும் கீழிருந்து மேலே வர வேண்டும்: முதலில் கம்பி, பிறகு கேபிளோடு பேசும் சில்லு (சிப்), அதன்பிறகு பிணையத்தில் கணினியை அடையாளம் காட்டும் முகவரி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்து, நல்ல நிலையில் இருக்கும் இயங்குதளத்தை அழித்துவிடுகிறார்கள். கேபிளைச் செருகியதும் மடிக்கணினித் துளையின் அருகிலும் ரௌட்டரின் பின்புறத்திலும் சிறு விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் ரௌட்டரில் வேறு துளைக்கு மாற்றுங்கள். பிறகு, வேறொரு கருவியில் நன்றாக இயங்கும் கேபிளை எடுத்துச் செருகுங்கள். பழைய கேபிள்களில் செருகியின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருக்கும். பார்வைக்குச் செருகியிருப்பது போலத் தெரிந்தாலும், செருகி சற்றே பின்னுக்கு நழுவி, உள்ளே தொடர்பு விட்டுப் போயிருக்கும்.

அடுத்து முனையத்தை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தை) திறந்து 'ஐபி லிங்க்' என்று உள்ளிடுங்கள். உங்கள் மாதிரியில் கேபிள் துளையின் பெயர் பெரும்பாலும் 'ஈஎன்பி0எஸ்25' என்றிருக்கும். அந்த வரியின் கோண அடைப்புக்குறிக்குள் 'நோ-கேரியர்' என்ற சொல்லும் 'அப்' என்ற சொல்லும் சேர்ந்து வந்தால், லினக்ஸ் தன் பங்குக்குத் துளையைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறது, மறுமுனையிலிருந்துதான் சைகை வரவில்லை என்று பொருள். 'அப்' என்பதே இல்லாவிட்டால் துளை மென்பொருளில் அணைந்திருக்கிறது. 'சூடோ ஐபி லிங்க் செட் ஈஎன்பி0எஸ்25 அப்' என்று கொடுத்தால் ('சூடோ' என்பது எஸ், யூ, டி, ஓ; நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் சொல்) திறந்துகொள்ளும்.

மூன்றாவதாக 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' கொடுத்து, ஈதர்நெட் (கேபிள்வழிப் பிணையம்) பகுதியில் எந்த இயக்கி (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) பொறுப்பேற்றிருக்கிறது என்று பாருங்கள். 'ஈ1000ஈ' என்று வர வேண்டும். வந்துவிட்டால் சில்லு நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் முடிவு கட்டுவார்கள், ஆனால் டி420இல் அந்த முடிவு பிழையாகலாம். இதில் பிணையக் கட்டுப்பாட்டுப் பகுதி தாய்ப்பலகையின் சிப்செட் என்ற முதன்மைச் சில்லுக்குள் இருக்கிறது; கேபிளோடு நேரடியாகப் பேசும் 82579 என்ற இன்டெல் சில்லு தனியாக அமர்ந்திருக்கிறது. மின்னல் அடியை முதலில் வாங்குவது கேபிள் பக்கத்துச் சில்லுதான். அது கருகிய பிறகும் சிப்செட் தன் பெயரைப் பட்டியலில் காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே 'சூடோ டிமெசேஜ்' பதிவையும் (டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்தே எழுத்துகள்) படியுங்கள். ஈ1000ஈ தொடங்கும்போதே தோல்வி என்று அதில் எழுதியிருந்தாலோ, பிழை ஏதும் இல்லாமலே எந்தக் கேபிளுக்கும் விளக்கு எரியாவிட்டாலோ சில்லு போய்விட்டது என்று கொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு கடைசி முயற்சி பாக்கி இருக்கிறது. மின்னூட்டியைப் பிடுங்கி, மின்கலத்தைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை இயக்கும் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மின்னோட்டக் குழப்பத்தில் உறைந்துபோன சில்லு சில வேளைகளில் இதற்கு எழுந்துகொள்ளும், கருகியது எழாது.

கருகியிருந்தால் தாய்ப்பலகையை மாற்றச் செலவழிக்காதீர்கள். கோலாலம்பூரில் கணினிப் பொருள்கள் விற்கும் லோ யாட் பிளாசா போன்ற இடங்களில் யூஎஸ்பி துளையில் செருகிக் கேபிளை இணைக்கும் யூஎஸ்பி-ஈதர்நெட் மாற்றி கிடைக்கும். ரியல்டெக் ஆர்டிஎல்8153 சில்லு உள்ளதைக் கேட்டு வாங்கினால், அதற்கான இயக்கி லினக்ஸின் மையப் பகுதியான கருவிலேயே (கெர்னல்) இருக்கிறது. டி420இல் இருப்பவை யூஎஸ்பி 2.0 துளைகள், அவற்றின் உச்சவேகம் விநாடிக்கு 480 மெகாபிட் என்பதால் முழு ஜிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட்) வேகத்தை எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் கண்ணாடியிழை மின்னலைக் கடத்தாது. ஆனால் ரௌட்டரின் மின்னூட்டி வழியாக ஏறும் மின்னெழுச்சி, அங்கிருந்து கேபிளில் இறங்கிவிடும். கோலாலம்பூரில் பிற்பகல் இடிக்குப் பஞ்சமில்லை. வானம் கறுத்ததும் மின்செருகியோடு கேபிளையும் கழற்றி வையுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சுவரில் பதித்த கேபிள் வழியே இணைத்தால் வைஃபையைவிட வேகம் குறைவாக வருகிறது. கட்டளையால் 1000 என்று நிர்ணயித்துவிடலாமா? (வாசகி, செட்டாபாக்)

பதில்: வேண்டாம், அம்மா. ஜிகாபிட் இணைப்பில் இரு முனைகளும் தமக்குள் பேசித்தான் வேகத்தை முடிவுசெய்யும். அந்தப் பேச்சை ஒரு முனையில் நிறுத்தி 100 என்று கட்டாயப்படுத்தினால், மறுமுனை அரை இருவழியாக (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் அனுப்பும் முறையாக) புரிந்துகொண்டு மோதல்களால் இன்னும் மந்தமாகும். 'சூடோ ஈத்டூல்' என்று எழுதி, துளையின் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள். வேகம் 100 என்று காட்டினால், எதிர்முனை அறிவித்துள்ள வேகங்களின் பட்டியலைப் பாருங்கள். அதில் 1000 இல்லையெனில் குறை ரௌட்டர் துளையில் இருக்கிறது. பட்டியலில் 1000 இருந்தும் 100 மட்டுமே வந்தால் சுவருக்குள் பாருங்கள்: 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். தொலைபேசிக்கும் இணையத்துக்கும் ஒரே கேபிளைப் பிரித்துக் கொடுத்த பழைய வீடுகளில் இந்தக் குறை சாதாரணம். இரு முனைகளிலும் எட்டுக் கம்பிகளையும் மின்பணியாளர் சரியாக இணைத்துத் தந்தால் போதும்.

கேள்வி: ரௌட்டர் பழுதானதால் யூனிஃபை இணையச் சேவையின் கண்ணாடியிழைப் பெட்டியில் மடிக்கணினியை நேராக இணைத்தேன். விளக்கு எரிகிறது, மிண்டின் இணைப்புச் சின்னம் சற்று நேரம் சுழன்றுவிட்டு, இணைப்பு துண்டிக்கப்பட்டது என்கிறது. (வாசகர், பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: கம்பியிலோ சில்லிலோ குறையில்லை; முகவரிதான் கிடைக்கவில்லை. மிண்டில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் வழக்கமாக 45 விநாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். யூனிஃபை சேவையில் இணையம் 500 என்ற வீலேன் (ஒரே கம்பிக்குள் எண்ணிட்டுப் பிரித்த தனி வழி) எண்ணில் வருகிறது. அதன்மேல் பிபிபிஓஈ என்ற உள்நுழைவு முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் முகவரி கிடைக்கும். இவ்வளவு நாளும் இதை ரௌட்டர் உங்களுக்காகச் செய்து வந்தது. இணைப்பு அமைப்பில் முதலில் 500 எண்ணுக்கு ஒரு வீலேன் உருவாக்கி, அதைத் தாயாகக் கொண்டு பிபிபிஓஈ இணைப்பை அமையுங்கள். பெட்டியும் ரௌட்டரும் ஒரே கருவியாக இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தாது. ரௌட்டர் இல்லாத நேரத்தில் மடிக்கணினி நேராக இணையத்தின் முன் நிற்கும் என்பதால், மிண்டின் மெனுவில் உள்ள ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருளை) இயக்கிவிட்டு அதன்பிறகு கேபிளைச் செருகுங்கள்.