குடல் பாக்டீரியா, பழைய சோறு, பேரனின் படிப்பு: கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

குடல் கிருமிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். என் மகள் வயிற்றுப் பேரன் எம்.பி.பி.எஸ்.ஸும் ஹவுஸ் சர்ஜனும் முடித்துவிட்டான். காரைக்குடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று கிளினிக்குக்கு இடம் கட்டி வைத்திருக்கிறோம். அவனோ, "ஆயா, நான் மைக்ரோபயாலஜி படித்து ஆராய்ச்சிக்குப் போகிறேன்" என்கிறான். நம் பக்கத்துக் கிராமங்களில் பழைய சோறு சாப்பிடுகிறவர்களிடம் மலம் வாங்கிப் பரிசோதிக்கப் போகிறானாம். அவன் அப்பச்சி அவனோடு சரியாகப் பேசுவதில்லை. இது டாக்டர் செய்கிற வேலைதானா? பழைய சோற்றில் ஆராய என்ன இருக்கிறது? எத்தனை வருஷம் ஆகும்?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆச்சி,

டாக்டர் செய்கிற வேலைதான். இந்தத் துறையின் பெரிய திருப்பங்களில் பல, வார்டில் நோயாளியைப் பார்த்தவர்கள் கையால் வந்தவை. ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஷெர்வுட் கோர்பாக், அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர். கல்கத்தாவில் கடும் பேதியோடு வந்தவர்களில் பலரிடம் காலராக் கிருமி இல்லை. அப்படியானால் எது? அவரும் கூட இருந்தவர்களும் சிறுகுடல் நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். ஈ.கோலை மொய்த்துக் கிடந்தது. நம் எல்லார் குடலிலும் சாதுவாக இருக்கும் அதே இனம்தான், ஆனால் இவற்றில் சில காலராவைப் போல நச்சு சுரந்தன. 1971-இல் அந்தக் கட்டுரைகள் வந்தன.

அடுத்து வயிற்றுக்குள் சீழ். குடல் ஓட்டையாகி மலம் வயிற்றில் சிந்தினால் சிலர் உடனே சாகிறார்கள், சிலர் தப்பித்துப் பின்னால் சீழ்க்கட்டியோடு வருகிறார்கள். ஏன் இந்த இரண்டு கட்டம்? கோர்பாக், அவரோடு வேலை செய்த மருத்துவர் ஜான் பார்ட்லெட் முதலியோர் எலியின் பெருங்குடல் சரக்கைப் பேரியம் சல்பேட்டோடு ஜெலட்டின் கூட்டில் அடைத்து வேறு எலிகளின் வயிற்றுக்குள் வைத்தார்கள். ஈ.கோலை வகையைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கான ஜெண்டாமைசின் கொடுத்தால் சாவு குறைந்தது, ஆனால் பிழைத்தவற்றுக்குச் சீழ் கட்டியது. ஆக்சிஜன் ஆகாத கிருமிகளைக் கொல்லும் கிளிண்டாமைசின் கொடுத்தால் சீழ் குறைந்தது, சாவு குறையவில்லை. இரண்டும் சேர்த்தபோதுதான் இரண்டும் குறைந்தன. முதல் கட்டத்துக்கு ஈ.கோலை, இரண்டாவதற்கு ஆக்சிஜன் ஆகாத பாக்டீராய்ட்ஸ் ஃபிராஜிலிஸ் என்று பிரிந்துவிட்டது. வயிற்றுச் சீழுக்கு இன்றும் இரண்டு வகைக் கிருமிக்கும் சேர்த்து மருந்து எழுதுவதன் அடிப்படை இது.

அதே கிளிண்டாமைசின் இன்னொரு வம்பைக் கொண்டு வந்தது. 1974-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் அந்த மருந்து சாப்பிட்ட 200 பேரைப் பார்த்ததில் 21 சதவீதம் பேருக்குப் பேதி, 10 சதவீதம் பேருக்குப் பெருங்குடலில் சவ்வு படர்ந்த அழற்சி. மருந்தே நஞ்சா? பார்ட்லெட் வெள்ளெலிகளுக்கு (ஹாம்ஸ்டர்) கிளிண்டாமைசின் கொடுத்தார், அவை செத்தன. அவற்றின் குடல் சரக்கைக் கிருமி புகாத வடிகட்டியில் வடித்து மற்ற வெள்ளெலிகளுக்குக் கொடுத்தாலும் செத்தன. ஆக, ஏதோ நச்சு. கிளாஸ்ட்ரிடியம் இனத்துக்கான எதிர்நஞ்சு அதை முறித்தது. 1978-இல் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசைல் பிடிபட்டது. 1935-லேயே பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் பார்த்துவிட்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத கிருமி அது. குடலில் குடியிருக்கும் கூட்டத்தை மருந்து அழித்ததும் இது தலையெடுத்தது.

மெடிக்கல் ஷாப்பில் விற்கிற புரோபயாட்டிக், அதாவது நல்ல கிருமி அடைத்த, பொட்டலங்களில் சிலவற்றில் 'ஜி.ஜி.' என்று இருக்கும். கோர்பாக்கும் அவரோடு வேலை செய்த பாரி கோல்டினும் 1983-இல் பிரித்தெடுத்த லாக்டோபாசிலஸ், அதாவது பாலைப் புளிக்க வைக்கும் வகை பாக்டீரியா, அது. அமிலத்தையும் பித்தத்தையும் தாங்குமா, குடல் செல்லில் ஒட்டுமா என்று சலித்து எடுத்தது. அதற்குக் கிடைத்த முடிவைப் பொட்டலத்தில் இருக்கிற வேறு லாக்டோபாசிலஸுக்குப் பொருத்திப் பேசுவது வியாபாரம், விஞ்ஞானம் அல்ல.

இனி பழைய சோறு. ஆராய நிறைய இருக்கிறது. வடித்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதைப் புளிக்க வைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. இந்த அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் பெருங்குடல் உறிஞ்சத் துணை செய்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு இதைக் காலரா நோயாளிகளிடம் சோதித்து 2000-இல் வெளியிட்டது. ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் செரிக்காத மக்காச்சோள மாவு. 48 நோயாளிகள், மூன்று பிரிவு. மாவு சேர்த்தவர்களுக்குப் பேதி சீக்கிரம் நின்றது. சின்ன ஆய்வுதான். கேள்வி கூர்மையாக இருந்ததால் எடுபட்டது.

பேரன் நினைக்கிற மாதிரி, பழைய சோறு சாப்பிடுகிறவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டால் வித்தியாசம் கட்டாயம் வரும். ஆனால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. சாப்பிடுகிறவர் வயலுக்குப் போகிறவர், ஊருணித் தண்ணீர் குடிப்பவர். சாப்பிடாதவர் டவுனில் ஃபில்டர் தண்ணீர் குடிப்பவர், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுபவர். மெட்ஃபார்மின் மட்டுமே குடல் பாக்டீரியாவை மாற்றிவிடும். ஆகவே ஒரே ஆளிடம் இரண்டையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று வாரம் பழைய சோறு, இரண்டு மூன்று வாரம் இடைவெளி, மூன்று வாரம் அதே அரிசியில் அதே அளவு சூடான சோறு. யாருக்கு எது முதலில் என்பது சீட்டுக் குலுக்கி. எத்தனை பேர் வேண்டும் என்பதைப் புள்ளியியல்காரர் முதலிலேயே கணக்கிட வேண்டும், மலம் வாங்கி முடித்த பிறகு அல்ல.

சோற்றையும் ஒரே சீராக வைத்தாக வேண்டும். சித்திரை வெயிலில் புளிப்பதும் மார்கழியில் புளிப்பதும் வேறு. மண்பானை முந்தைய நாள் கிருமியைத் தன் துளைகளில் வைத்துக்கொள்ளும், எவர்சில்வர் வைத்துக்கொள்ளாது. ஆகவே அரிசி ரகம், சோற்றுக்குத் தண்ணீர் அளவு, ஊறிய மணிநேரம், காலையில் நீராகாரத்தின் பி.எச். (புளிப்பின் அளவு) ஆகியவற்றை வீட்டுக்கு வீடு குறிக்க வேண்டும்.

ஆட்களைச் சேர்க்கும்போது கடைசி மூன்று மாதத்தில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களை விலக்க வேண்டும். "ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். காய்ச்சலுக்குக் கடையில் சொல்லி வாங்கிய நாலு மாத்திரையில் எது என்ன என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மாத்திரை அட்டைகளையே கையில் கொண்டுபோய்க் காட்டிக் கேட்க வேண்டும்.

மலம் எடுப்பதில்தான் பாதி ஆய்வுகள் கெடுகின்றன. நம் கழிப்பறைப் பீங்கானில் எப்போதும் தண்ணீர் நிற்கும். அதில் விழுந்ததை எடுக்கக் கூடாது, சிறுநீரும் கலக்கக் கூடாது. மேலே தாள் விரித்து, வெளிப்பரப்பைத் தொடாமல் நடுப்பகுதியில் கரண்டியால் எடுத்து, திருகுமூடி டப்பாவில் போட வேண்டும். இளகலா கட்டியா என்பதைப் பிரிஸ்டல் அட்டவணைப்படி 1 முதல் 7 வரை குறிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால், மலச்சிக்கலால் வந்த வித்தியாசத்தைப் பழைய சோற்றின் புகழாக எழுதிவிடுவான். டப்பாவை டிக்கியில் போட்டுக்கொண்டு மதியம் வரை ஊர் சுற்றினால் அந்தச் சூட்டில் ஈ.கோலை பெருகி, மற்றவை தேய்ந்து, வீட்டில் எடுத்த மலம் வேறு, லேபில் பார்க்கிற மலம் வேறு என்று ஆகிவிடும். எடுத்தவுடன் டி.என்.ஏ.வைக் காக்கும் கரைசலில் போட வேண்டும், இல்லாவிட்டால் உடனே உறைய வைத்து மைனஸ் 80 டிகிரி பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்தால் ஒன்றை உருக்கும்போது மற்றவை கெடாது.

லேபில் டி.என்.ஏ. எடுக்கும்போது நுண்மணிகளோடு சேர்த்துக் குலுக்கி உடைக்காவிட்டால், தடித்த சுவர் கொண்ட கிராம் பாசிட்டிவ் கிருமிகள் உடையாமல் கணக்கில் விட்டுப்போகும். ஒவ்வொரு தொகுதியிலும் வெறும் தண்ணீர் வைத்த குழாய் ஒன்று ஓட வேண்டும். டி.என்.ஏ. எடுக்கிற ரசாயனக் கிட்டிலேயே கொஞ்சம் பாக்டீரியா டி.என்.ஏ. இருக்கும், அது அதில் தெரிந்துவிடும். பழைய சோற்று மாதிரிகளை ஒரு நாளும் சூடான சோற்று மாதிரிகளை இன்னொரு நாளும் ஓட்டக் கூடாது, கலந்து ஓட்ட வேண்டும். டி.என்.ஏ. வரிசை பார்த்து வருகிற எண்கள் எல்லாம் விகிதங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பந்தியில் பத்துப் பேர் எழுந்து போனால், உட்கார்ந்திருக்கும் பங்காளிகள் கூடிவிட்டார்கள் என்று சொல்கிற கதையாகிவிடும்.

வருஷக் கணக்கு: எம்.டி. மைக்ரோபயாலஜி மூன்று வருஷம், அதன் பின் பி.எச்.டி. நாலைந்து வருஷம். நோயாளியை விட மனசில்லை என்றால் எம்.டி. பொது மருத்துவம் மூன்று வருஷம், அதற்கு மேல்படிப்பான டி.எம். தொற்றுநோய் மூன்று வருஷம். டெல்லி எய்ம்ஸில் டி.எம். இருக்கிறது. அவன் கேட்கிற கேள்விகளுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் எந்த வழியில் போனாலும் லேபில் ஆறு மாதமாவது தன் கையால் உட்கார வேண்டும். உதவித்தொகையில் காலம் தள்ள வேண்டியிருக்கும். கிளினிக் வருமானத்தோடு அதை ஒப்பிடவே வேண்டாம் என்று அவன் அப்பச்சியிடம் சொல்லிவிடுங்கள். கட்டின இடத்தை வாடகைக்கு விடலாம்.

சேரும் முன் அந்த டிபார்ட்மென்ட்டில் பேரன் நேரில் போய்ப் பார்க்கட்டும். ஆக்சிஜன் ஆகாத கிருமிகளை வளர்க்கிறார்களா, இல்லை அதற்கான காற்றுப் புகாத ஜாடி அலமாரியில் தூசு படிந்து கிடக்கிறதா? ஜாடிக்குள் 85 சதவீதம் நைட்ரஜன், 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 5 சதவீதம் ஹைட்ரஜன் நிரப்பி, ஆக்சிஜன் இருப்பதைக் காட்டும் ரெசசுரின் சாயத்தின் இளஞ்சிவப்பு மறைந்து நிறமற்றுப் போகிறதா என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்களா? பொறுமை இல்லாமல் 48 மணிநேரத்துக்கு முன்னால் திறந்தால் இளம் காலனிகள் காற்றுப் பட்டுச் சாகும். சீழைப் பஞ்சுக் குச்சியில் அனுப்பும் சர்ஜனிடம், காற்றை வெளியேற்றிய சிரிஞ்சில் அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்புகிற ஆள் அங்கே இருந்தால் நல்ல இடம். கிராம் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி நிறைய, காற்றில் வைத்த சாதாரணத் தட்டில் ஒன்றும் வளரவில்லை, சீழோ நாறுகிறது என்றால் "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் எழுதிவிடுகிறார்களா, மேலே தேடுகிறார்களா என்றும் கேட்கட்டும். மைனஸ் 80 பெட்டிக்கு ஜெனரேட்டர் இருக்கிறதா, கரன்ட் போனால் ராத்திரி யாருடைய போனில் அலாரம் அடிக்கும் என்பதையும் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.