மலாயாவில் குடியேறிய தமிழர்களில் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) சேர்ந்து போருக்குப் போனவர்கள், திரும்பி வந்தபின் எப்படிப் பிழைத்தார்கள்?

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தாத்தா 1937இல் இராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்தவர். பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. 1941 கடைசியில் ஜப்பான்காரன் வந்ததும் தோட்டம் படுத்துவிட்டது. அரிசி கிடையாது, மரவள்ளிக்கிழங்குதான். 1943இல் சயாம் (இன்றைய தாய்லாந்து)-பர்மா ரயில்பாதை போட, லயம் என்னும் தோட்டக் குடியிருப்பு வரிசைகளில் இருந்த ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே செத்த தமிழர்கள் பல்லாயிரம் பேர். அதே ஆண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து படைக்கு ஆள் கேட்டார். தோட்டத்து இளவட்டங்கள் கூட்டம் கூட்டமாகப் பெயர் கொடுத்தார்கள்.

தாத்தா சேர்ந்தது ரயில்பாதைக்குப் பயந்துதான். அவரே சொன்னது இது, வெளியே சொல்ல எனக்கும் கூச்சமில்லை. ஆனால் துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவருக்கு, பஞ்சாபிக்காரரோடும் முஸ்லிமோடும் ஒரே பந்தியில் சோறு போட்டது அந்தப் படை. அதற்கப்புறம் அவர் யாருக்கு முன்னாலும் துண்டை இறக்கியதில்லை. இவர்கள் போனது தேசபக்தியாலா, உயிர்ப்பயத்தாலா என்று வாதாடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஐஎன்ஏ சண்டையிட்ட இம்பால் வரை அவர் போகவில்லை; பர்மாவோடு சரி. 1945 ஏப்ரலில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடியபோது, நகரத்து இந்தியர்களின் உயிருக்கும் உடைமைக்கும் காவலாக மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் வீரர்களை அங்கேயே நிறுத்தினார்கள். தாத்தா அவர்களில் ஒருவர். மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை வந்து அவர்களைச் சிறைபிடித்தது.

மறு வருடம் சுங்கை சிப்புட் திரும்பினார். பழைய தோட்டத்தில் வேலை தர மறுத்துவிட்டார்கள். கையில் இருந்த ஜப்பான் நோட்டெல்லாம் வெறும் காகிதம். பினாங்கில் மளிகை மண்டி வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகன் ரங்கூனில் இவரோடு காவல் நின்றவர். அந்தப் பழக்கத்தில்தான் அரிசி, மிளகாய், நெத்திலி எல்லாம் கடனுக்கு வந்தன. முன்பணமும் இல்லை, எழுத்தும் இல்லை. பட்டணத்து ஓரத்தில் பலகைக் கடை போட்டார். படையில் இருந்த பலர் அரசியலுக்கும் தொழிற்சங்கத்துக்கும் போனார்கள். மஇகா என்னும் இந்தியர் கட்சியின் முதல் தலைவர் ஜான் திவி, ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பெயர்கள் எல்லாருக்கும் தெரியும். தாத்தா மாதிரி கல்லாவில் உட்கார்ந்தவர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

1948 ஜூனில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கியது. அதற்குக் காரணமான தோட்டத் துரைகளின் கொலை நடந்ததே எங்கள் சுங்கை சிப்புட்டில்தான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று, விற்கிற டின்னை எல்லாம் கடையிலேயே ஓட்டை போட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அப்பத்தா பால் டின் ஒவ்வொன்றையும் மேசையில் வைத்து ஆணியால் ஒரு குத்து குத்தி, ஓட்டையில் காகிதத்தை அழுத்திக் கொடுப்பார். வீடு போய்ச் சேருவதற்குள் எறும்பு மொய்த்துவிடும். வாங்கியவர்கள் அப்பத்தாவைத்தான் திட்டுவார்கள்.

ஐஎன்ஏவில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். சேதி தெரிந்த அன்றே தாத்தா தன் சீருடைப் படத்தை அடுப்பில் போட்டுவிட்டார். அதனால் எங்களிடம் அவருடைய படைக்காலத்துப் படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூட்டை இறக்கும்போது மட்டும் ஏக், தோ, தீன் என்றுதான் எண்ணுவார். படையில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

பெரியப்பா இங்கேயே பிறந்தவர், மலேசிய இராணுவத்தில் சேர்ந்தார். இந்தோனேசியாவோடு மோதல் நடந்த ஆண்டுகளில் சரவாக் எல்லையில் தந்திப் பிரிவில் இருந்தார். முதலில் தாத்தாவுக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் மகன் முதல் விடுப்பில் வந்தபோது கடையை மூடிவிட்டு ரயிலடிக்கே போய்விட்டார். 1980களில் தோட்டங்கள் கைமாறி, லயத்து ஜனங்கள் பட்டணங்களுக்குப் போனபின் கடையில் வரவு குறைந்தது. மூன்றைந்து (555) நோட்டு என்கிற கடைக் கடன் குறிப்பேட்டில் எழுதிய கடன் பாதி திரும்பவே இல்லை. அப்போது கடையைத் தாங்கியது பெரியப்பாவின் பென்ஷன்தான்.

தாத்தாவுக்கு எந்தப் பென்ஷனும் வந்ததில்லை. இந்திய அரசு 1972இல் தியாகிகளுக்கு ஓய்வூதியம் அறிவித்தபோது ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எழுதினார்கள். காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை என்று அவர் மனுப்போடவில்லை. இங்கும் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்காமல், ஊருக்குப் போய்விடலாம் என்றே நாளைத் தள்ளினார். சாகிறவரை குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான்.