மாப்பிள்ளை காருக்கு சோலார் கூரை தேவையா?

கேள்வி: என் மாப்பிள்ளை அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார். டொயோட்டா பிரியஸ் பிளக்-இன் ஹைப்ரிட் கார் (பெட்ரோலிலும் ஓடும், பிளக்கில் சார்ஜ் போட்டும் ஓடும்) வாங்கப் போகிறார். கூரையில் சோலார் வைத்த மாடல் வேண்டுமென்றால் 610 டாலர் கூடுதலாம். "வெயில் சும்மாதானே அடிக்குது" என்கிறாள் மகள். மாப்பிள்ளைக்கு அரை மனசு. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போன வருடம் 3 கிலோவாட் சோலார் போட்டோம். கரன்ட் பில் நன்றாகக் குறைந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் நானும் "போட்டுடுங்க மாப்பிள்ளை" என்று போனில் சொல்லிவிட்டேன். சரியாகச் சொன்னேனா?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள் அம்மா. பரவாயில்லை, வண்டி இன்னும் வாங்கவில்லையே.

உங்கள் மாடியில் இருப்பது 3,000 வாட். பிரியஸ் கூரையில் இருப்பது 185 வாட். பதினாறில் ஒரு பங்கு. கார் கூரையில் அதற்கு மேல் இடம் கிடையாது. மாடியில் பலகையைத் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைக்கிறோம், அடியில் காற்று போகிறது. கார் கூரை படுத்துக் கிடக்கிறது, அடியில் காற்றும் இல்லை. சோலார் பலகைக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மே மாதம் சேலத்தில் வெயிலில் நின்ற காரின் கூரையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டல்லாஸ் கோடையும் நமக்கு இளைத்ததல்ல.

நான் ஏட்டுக் கணக்கை மட்டும் நம்புகிற ஆள் இல்லை. இரண்டு கோடைக்கு முன்னால் என் பட்டறையில் கிடந்த 100 வாட் பலகையை என் பழைய ஆம்னியின் கூரையில் படுக்க வைத்துக் கட்டி, மீட்டர் மாட்டிப் பார்த்தேன். உச்சி வேளையில் 71 வாட். அதற்கு மேல் முள் ஏறவே இல்லை. டீ குடிக்கப் போன நேரத்தில் பையன் வண்டியை நகர்த்தி வேப்பமரத்துப் பக்கம் விட்டுவிட்டான். ஒரே ஒரு கிளையின் நிழல் பலகையின் ஓரத்தில் விழுந்தது, 71 இருபத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. உள்ளே செல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒன்று இருட்டானால் அந்த வரிசையே படுத்துக்கொள்ளும். (காக்கை எச்சத்துக்கும் இதே கதைதான்.) மறுநாள் நிழலே படாமல் காலை முதல் மாலை வரை நிறுத்தினேன். மொத்தம் கிடைத்தது 0.38 யூனிட்.

அதை 185 வாட்டுக்குக் கணக்குப் போட்டால் 0.7 யூனிட். அதைப் பெரிய பேட்டரியின் வோல்டேஜுக்கு ஏற்றி உள்ளே தள்ளுவதில் கொஞ்சம் போகும். 0.6 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அந்த வண்டியின் பேட்டரி 13.6 யூனிட். வெயிலை மட்டும் நம்பி நிரப்ப மூன்று வாரம் ஆகும், அதுவும் வண்டியை எடுக்காமலே வைத்திருந்தால். கம்பெனியே சொல்வது ஆண்டுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர். கேட்கப் பெரிதாக இருக்கிறது, 365-ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால். அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் கிளம்பினால் ஜங்ஷன் போய்ச் சேராது.

டொயோட்டாவைக் குறை சொல்லவில்லை. படிப்படியாகத்தான் வந்திருக்கிறார்கள். 2009-இல் வந்த பிரியஸில் சோலார் கூரை, நின்றிருக்கும் காரின் சூட்டை வெளியே தள்ள ஒரு காற்றாடியை ஓட்டியது, அவ்வளவுதான். 2017-இல் ஜப்பானில் விற்ற பிளக்-இன் மாடலில் 180 வாட் வைத்து, ஓட்டுகிற பேட்டரிக்கே சார்ஜ் போக வைத்தார்கள். அதிகபட்சம் நாளுக்கு 6.1 கிலோமீட்டர் என்றார்கள். அதிகபட்சம் என்றால் நல்ல வெயில் உள்ள நல்ல நாள். எல்லா நாளும் நல்ல நாளா?

இப்போது காசுக் கணக்கு. வருடத்துக்கு 200 யூனிட் கிடைப்பதாக வையுங்கள். அங்கே வீட்டு மின்சாரம் யூனிட் 15 சென்ட் என்றால் மிச்சம் 30 டாலர். போட்ட 610 திரும்பி வர இருபது வருடம். அதற்குள் உங்கள் பேரன் லைசென்ஸ் எடுத்து வேறு வண்டி கேட்பான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாப்பிள்ளை அபார்ட்மெண்டில் இருந்து, நிறுத்துமிடத்தில் பிளக் இல்லை, ஆனால் வண்டி திறந்த வெளியில் நிற்கிறது என்றால், அந்த 1,200 கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட வேண்டியது. லிட்டருக்கு 21 கிலோமீட்டர் கொடுத்தால் 57 லிட்டர், அவர்கள் கணக்கில் 15 கேலன். கேலன் மூன்று டாலர் என்றால் 45 டாலர். அப்போதும் பதின்மூன்று வருடத்துக்கு மேல். ஆனால் பிளக்கே இல்லாத இடத்தில் எதற்கு பிளக்-இன் வண்டி வாங்குகிறார் என்பதுதான் என் கேள்வி.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 0.6 யூனிட்டுக்காக வண்டியை நாள் முழுக்க வெயிலில் காயப் போட வேண்டும். சாயங்காலம் கதவைத் திறந்தால் அடுப்பு. ஏ.சி.யை முழுசாக வைத்து உள்ளே குளிர வைப்பதற்குள் அந்த 0.6-இல் பெரும்பகுதி போய்விடும். சீட்டும் டேஷ்போர்டும் வெளுக்கும், பேட்டரிக்கும் சூடு ஆகாது. நிழலில் நிறுத்துவதே ஒரு சேமிப்புதான். புங்கமரத்தடியில் இடம் கிடைத்தால் நான் விடவே மாட்டேன்.

மாப்பிள்ளையிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஆபீஸ் பார்க்கிங்குக்குக் கூரை இருக்கிறதா? வீட்டில் பிளக் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சோலார் வேண்டாம். மாதக்கணக்கில் வண்டியை வெட்ட வெளியில் விட்டுவிட்டு ஊருக்கு வருகிறவர் என்றால் கொஞ்சம் உபயோகம் உண்டு. இல்லை, ஆசையாக இருக்கிறது என்றால் போடட்டும். ஆசைக்குக் கணக்குப் பார்த்தால் நாம் யாரும் அலாய் வீல் போட்டிருக்க மாட்டோம். காசு மிச்சமாகும் என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். எலெக்ட்ரிக் கார், பிளக்-இன் கார்களில் வரும் விருந்தினர்கள் இரவில் 15 ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் போட்டுக்கொள்கிறார்கள். கார் நிற்கும் ஷெட்டின் மேல் சோலார் போடலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: தாராளமாகப் போடலாம். மேலே பலகை, கீழே நிழலில் வண்டி. முந்தைய கேள்விக்கும் சரியான விடை இதுதான். பலகை வண்டியோடு ஊர் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் விருந்தினர்கள் இரவில் சார்ஜ் போடுகிறார்கள், பலகை பகலில்தான் கொடுக்கும். அதனால் நெட் மீட்டர் (பகலில் லைனுக்குக் கொடுத்ததை இரவில் எடுத்ததில் கழித்துக்கொள்ளும் மீட்டர்) வாங்காமல் இறங்காதீர்கள். ஷெட்டுக்குப் பக்கத்தில் காபித் தோட்டத்துச் சில்வர் ஓக் நின்றால் என் வேப்பங்கிளைக் கதைதான். மூடுபனி மாதங்களில் கீழே சேலத்தில் கிடைப்பதை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சார்ஜர் ஒன்று இருக்கிறது. அதுதான் மலைப்பாதை. இறங்கும்போது வண்டியின் மோட்டாரே டைனமோ மாதிரி சுற்றி, வேகத்தைப் பிடித்துக்கொண்டே பேட்டரிக்கு கரன்ட் அனுப்பும். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். ஆட்களோடு 1,800 கிலோ இருக்கும் வண்டி அவ்வளவு உயரம் இறங்கினால், கணக்குப்படி கிட்டத்தட்ட 5 யூனிட். உராய்வும் காற்றும் எடுத்துக்கொண்டது போக, பேட்டரிக்கு 2 முதல் 2.5 யூனிட் திரும்பும். பிரியஸ் கூரை நாலு நாள் வெயிலில் நின்று சம்பாதிப்பதை இருபது வளைவில் இறங்கியே எடுத்துவிடலாம். இலவசம் என்று சொல்லவில்லை. ஏறும்போது செலவழித்ததில் ஒரு பங்குதான் திரும்பக் கிடைக்கிறது.

அதற்குப் பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். சேலத்து வாடிக்கையாளர் ஒருவர் பிளக் இல்லாத ஹைப்ரிட் காரில் என்னை ஏற்காடு கூட்டிப்போனார். அதில் பேட்டரி சின்னது. இறங்கும்போது பதினாறாவது வளைவுக்கு வருவதற்குள் நிரம்பிவிட்டது. உடனே இன்ஜின் தானாக உறும ஆரம்பித்தது. மனிதர் பயந்து ஓரம் கட்டிவிட்டார். "ஒண்ணும் இல்லீங்க, பேட்டரியில இடம் இல்லாததால இன்ஜினை வச்சு வேகத்தைப் பிடிக்குது" என்று சொல்லி மறுபடி கிளப்பினேன். வண்டிக்குக் கேடு இல்லை, கிடைக்க வேண்டிய கரன்ட்தான் வீணாகப் போனது.

அதனால் பிரியஸ் மாதிரி பிளக்-இன் காரில் வரும் விருந்தினர்களிடம் 80 சதவீதம் ஏறியதும் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். மிச்ச இருபதை அடிவாரம் போவதற்குள் மலையே ஏற்றிவிடும், உங்கள் மீட்டரும் அவ்வளவு ஓடாது. முழு எலெக்ட்ரிக் காரின் பேட்டரி ரொம்பப் பெரியது, மலை அதில் சில சதவீதம்தான் ஏற்றும். அதை நிரம்பச் சற்று முன்னால் கழற்றினால் போதும்.